பிணத்தின் கையில் எரியும் விளக்கு

வட இங்கிலாந்தின் கடலோர ஊரான விட்பியில் உள்ள அருங்காட்சியகத்தில் ஒரு மனிதக் கை இருக்கிறது. மணிக்கட்டோடு அறுக்கப்பட்டு, உலர்ந்து, கறுத்துச் சுருங்கிய கை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பக்கத்து ஊரான கேசில்டனில் ஒரு கூரை வீட்டின் சுவருக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்த அதைக் கண்டெடுத்தவர் ஜோசஃப் ஃபோர்ட். தொழிலால் கொத்தனார், உள்ளூர் வரலாற்றைத் தேடித் தொகுத்தவர். 1935இல் அது அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. இதைப் போன்ற கைகளுக்கு ஆங்கிலத்தில் 'ஹேண்ட் ஆஃப் குளோரி' என்று பெயர். மகிமைக் கை எனலாம். ஹாரி பாட்டர் நாவல்களைப் படித்தவர்கள் மாயப்பொருள் கடையொன்றில் இந்தப் பெயரைக் கண்டிருப்பார்கள்.

நம்பிக்கை இதுதான். தூக்கிலிடப்பட்ட ஒருவனின் கையை அறுத்துப் பதப்படுத்த வேண்டும். அதன் விரல்களுக்கிடையே மெழுகுவர்த்தியைச் செருகியோ, விரல்களையே திரியாகக் கொளுத்தியோ ஒரு வீட்டுக்குள் கொண்டுபோனால், அந்தச் சுடர் அணையும்வரை வீட்டில் உறங்குபவர் எவரும் எழமாட்டார்கள். திருடன் பெட்டி பெட்டியாகத் திறந்து நிதானமாக எடுத்துப்போகலாம்.

திருட்டுப் போன வீட்டில் விடிந்ததும் இரண்டு கேள்விகள் எழும். என்னென்ன போயிற்று என்பது ஒன்று. இத்தனை பேர் படுத்திருந்தும் ஒருவருக்குக்கூட விழிப்புத் தட்டவில்லையே, அது எப்படி என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும். இரண்டாவது கேள்வி தங்கிவிடுகிறது. காவலிருந்தவனுக்கும் வீட்டுக்காரருக்கும் வேலையாளுக்கும் அது அவமானத்தையும் சந்தேகத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. திருடரின் மாந்திரீகம் பற்றிய கதைகள் இந்த இரண்டாவது கேள்விக்கான விடைகள். ஆகவே அவற்றைத் திருடரைப் பற்றிய சான்றுகளாகப் படிப்பதற்குமுன், யார் சொன்னார்கள், எந்தச் சூழலில் சொன்னார்கள் என்று பார்த்தாக வேண்டும்.

பக்குவமும் பாதுகாப்பும்

மகிமைக் கை செய்யும் முறையை விரிவாக எழுதிவைத்த நூல் 'பெத்தி அல்பேர்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரெஞ்சு மாந்திரீகக் கையேடு. 18ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் பொதி சுமந்து விற்ற வியாபாரிகள் வழியே பிரான்சின் கிராமங்களில் பரவிய மலிவான புத்தகம் அது. தூக்கிலிடப்பட்டவனின் கையைப் பிணத்துணியில் சுற்றி, மிச்சமிருக்கும் ரத்தம் வெளியேறும்படி பிழிய வேண்டும். பிறகு வெடியுப்பு, உப்பு, திப்பிலி முதலியவற்றை நன்றாகப் பொடித்து, மண்பாண்டத்தில் அந்தக் கையோடு 15 நாள் ஊறவிட வேண்டும். அடுத்துக் கடுங்கோடை வெயிலில் காயவைக்க வேண்டும். வெயில் போதாவிட்டால் அடுப்பில் உலர்த்தலாம். கையில் செருகும் மெழுகுவர்த்திக்குத் தூக்கிலிடப்பட்டவனின் கொழுப்பு, புதிய மெழுகு, எள் ஆகியவை வேண்டும்.

அச்சமூட்டும் பெயர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் இது ஐரோப்பியக் குடியானவர் பன்றித் தொடையைப் பதப்படுத்திய அதே வழி. உப்பும் வெடியுப்பும் இறைச்சியை அழுகாமல் காக்கும். மிளகும் திப்பிலியும் அந்தக் காலத்து மசாலா. இப்படிச் செய்த கை கெடாமல் நிற்கும் என்பதில் ஐயமில்லை. வாசகனுக்குப் பழகிய பக்குவத்துக்குள் பழகாத பொருளை வைத்ததால் நூலுக்கு நம்பகத்தன்மை கூடியது.

கெடுதலைச் சொன்ன நூல் காப்பையும் சொல்கிறது. கறுப்புப் பூனையின் பித்தம், வெள்ளைக் கோழியின் கொழுப்பு, ஆந்தையின் ரத்தம் மூன்றையும் கலந்த களிம்பைக் கடுங்கோடையில் தயாரித்து, வாசற்படியிலும் திருடன் நுழையக்கூடிய மற்ற இடங்களிலும் பூசிவைத்தால் மகிமைக் கை பலிக்காது. திருடர் எத்தனை பேர் இந்தப் புத்தகத்தை வாங்கியிருப்பார்கள்? கூட்டிப் பார்த்தால் வீட்டுக்காரர்களே அதன் பெரிய சந்தை. இதே செய்முறையைப் பிரான்சிஸ் குரோஸ் 1787இல் ஆங்கிலத்தில் தந்தார். அதன்பின் இங்கிலாந்தின் நாட்டார் வழக்கும் அச்சிட்ட செய்முறையும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

தூக்குமரத்தின் அடியில்

பிணக் கை இந்தக் கதைக்குள் வந்த வழியில் ஒரு செடி குறுக்கிடுகிறது. மத்தியதரைக் கடலை ஒட்டி வளரும் மாண்ட்ரேக் செடியின் வேர் சில சமயம் மனித உருவம்போல் கிளைத்திருக்கும். தூக்குமரத்தில் தொங்குபவனின் உடலிலிருந்து சொட்டும் துளிகளிலிருந்து அது முளைக்கிறது என்றும், இரவில் ஒளிரும் என்றும் ஐரோப்பியர் நம்பினர். அதற்குப் பழைய பிரெஞ்சில் வழங்கிய பெயர் நாளடைவில் மருவி, மகிமைக் கை என்று பொருள்படும் சொற்றொடராக ஒலித்தது. செடியைப் பற்றிய நம்பிக்கைகள் அதன்பின் கைக்கு இடம்பெயர்ந்தன என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

மாண்ட்ரேக்குக்கு உறக்கத்தோடு உண்மையான தொடர்பு உண்டு. ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்த அதன் வேரில் மயக்கம் தரும் வேதிப்பொருள்கள் உள்ளன. அறுவைக்கு முன் நோயாளிக்கு அதை மதுவில் கொடுப்பது பற்றி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் எழுதியிருக்கிறார். அந்த மருந்தின் தன்மை செத்த கையின் சக்தியாக மாறியது என்றால் அதில் வியப்பில்லை.

தூக்கிலிடப்பட்டவனின் உடலுக்கு அக்காலத்தில் விலை இருந்தது. நோயில் நலிந்து சாகாமல் உயிர்ச்சத்து மிச்சமிருக்கும்போதே இறந்தவன் என்பதால் அவன் உடலில் குணமாக்கும் ஆற்றல் தங்கியிருப்பதாக நம்பினர். ஜெர்மன் பகுதிகளில் மரணதண்டனை நிறைவேற்றுபவர்கள் மனிதக் கொழுப்பை விற்றார்கள். மருந்துக் கடைகளிலும் அது கிடைத்தது. இங்கிலாந்தில் கழுத்துக் கட்டிகளும் கழலைகளும் கரைவதற்காகத் தூக்கில் தொங்கியவனின் கையால் தடவிக்கொள்ள மக்கள் கூடினர். தாமஸ் ஹார்டி 1888இல் எழுதிய ஒரு சிறுகதை இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. ஒரே உடல் ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்குத் திருட்டுக் கருவி. இந்தப் பழக்கங்களை அரசு கற்பனை என்று ஒதுக்கவில்லை. பில்லி சூனியத்துக்காகப் பிணத்தையோ அதன் எலும்பு, தோல் போன்ற பகுதிகளையோ தோண்டி எடுப்பதை இங்கிலாந்தின் 1604ஆம் ஆண்டு சூனியச் சட்டம் மரணதண்டனைக்குரிய குற்றமாக்கியது.

பிற நாடுகளின் திருடர்கள்

பிரெஞ்சுப் பெயர் மருவியதால் மட்டுமே இந்த நம்பிக்கை பிறந்தது என்றால் ஐரோப்பாவுக்கு வெளியே அது இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் நஹுவா மக்களிடம் கேட்டுக் கேட்டுத் தொகுத்த ஸ்பானியத் துறவி பெர்னார்தினோ தெ சஹாகூன், பிரசவத்தில் இறந்த பெண்ணின் இடது முன்கையை வைத்துத் திருடுபவர்களைப் பற்றி எழுதுகிறார். அவர்கள் ஆடிக்கொண்டே வருவார்கள். முற்றத்தையும் நிலைப்படியையும் அந்தக் கையால் தட்டுவார்கள். உள்ளே இருப்பவர்கள் அசையவோ பேசவோ முடியாமல் கிடக்க, சாப்பிட்டு முடித்துச் சுருட்டிக்கொண்டு போவார்கள். அப்படி இறந்த பெண்ணின் உடலை அவள் கணவனும் உறவினரும் நான்கு இரவுகள் காவல் காத்தனர். திருடர் மட்டுமல்ல, அவளுடைய விரலையும் கூந்தலையும் கேடயத்தில் வைத்துக்கொண்டால் போரில் வெல்லலாம் என்று இளம் வீரர்களும் உடலைப் பறிக்க வருவார்களாம்.

ஜேம்ஸ் ஃபிரேசர் தம் 'பொற்கிளை' நூலில் இத்தகைய வழக்கங்களை வரிசைப்படுத்தினார். ஜாவாவின் திருடன் கல்லறை மண்ணை வீட்டைச் சுற்றித் தூவுகிறான். இந்தியத் திருடன் சிதைச் சாம்பலை வாசலில் எறிகிறான். பெருவில் பிண எலும்புப் பொடி. பண்டைக் கிரேக்கத்தில் சிதையிலிருந்து எடுத்த கொள்ளிக்கட்டை காவல்நாயின் வாயை அடைக்கும். ஒத்தது ஒத்ததை விளைவிக்கும் என்பதே இவற்றின் அடிப்படை என்றார் ஃபிரேசர். பிணம் பார்க்காது, கேட்காது, எழாது. பிணத்தைத் தொட்ட பொருள் வீட்டையும் அப்படியே ஆக்கும். நம் மொழியும் அயர்ந்து தூங்குபவனைப் பிணம்போல் கிடக்கிறான் என்றுதானே சொல்கிறது.

இந்தியச் சான்றுகள் இன்னும் பழையவை. வீட்டிலுள்ள தாய், தந்தை, நாய், தலைவன் என ஒவ்வொருவராக உறங்கச் சொல்லும் பாடல் ரிக் வேதத்தின் ஏழாம் மண்டலத்திலும், அதை ஒட்டிய ஒன்று அதர்வ வேதத்திலும் இருக்கின்றன. அது இரவில் காதலியிடம் செல்பவனுக்கு உரியதா, திருடனுக்கு உரியதா என்பதில் உரைகாரர்கள் ஒத்துப்போவதில்லை. சூத்ரகரின் 'மிருச்சகடிகம்' நாடகத்தில் சுவரில் கன்னமிடும் சர்விலகன் கார்த்திகேயனை வணங்குகிறான். உடலில் பூசினால் காவலர் கண்ணில் படாமலிருக்கும் மையைத் தன் குரு தந்ததாகச் சொல்கிறான். அர்த்தசாஸ்திரத்தின் 14ஆம் அதிகரணம் எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. ஆயுதத்தால் கொல்லப்பட்டவன் அல்லது கழுவேற்றப்பட்டவனின் மண்டையோட்டில் மண்ணிட்டு, பார்லி விதைத்து, செம்மறியாட்டுப் பால் தெளித்து வளர்க்க வேண்டும். அந்த முளைகளை மாலையாக அணிந்தவன் உருவும் நிழலும் தெரியாமல் நடப்பான். ஊரையே உறங்கவைக்கும் மந்திரங்களும் அங்கே உண்டு. தண்டனை பெற்று இறந்தவனின் உடல் இங்கேயும் வந்துவிட்டது. ஆனால் இதன் பயனாளி திருடன் அல்லன். அரசன் ஏவும் ஒற்றன்.

விழித்திருந்தவள்

ஐரோப்பியக் கதைகளில் புகழ்பெற்றதை வில்லியம் ஹென்டர்சன் 1866இல் தம் வட இங்கிலாந்து நாட்டார் வழக்காற்று நூலில் பதிந்தார். களம், ஸ்டேன்மோர் மேட்டுநிலத்தில் கோச்சு வண்டிகள் போகும் பாதையில் இருந்த ஸ்பிட்டல் விடுதி; காலம், 1790களின் ஓர் இரவு. பெண்ணுடையில் வந்த பயணி ஒருவர், விடியற்காலை வண்டியைப் பிடிக்க வேண்டும், அடுப்பங்கரையிலேயே இருந்துவிடுகிறேன் என்கிறார். துணைக்குப் படுத்த பணிப்பெண் பாவாடைக்குக் கீழே ஆண்களின் கால்சட்டை தெரிவதைப் பார்த்துவிடுகிறாள். தூங்குவதுபோல் பாவனை செய்கிறாள். அந்த ஆள் ஒரு பிணக் கையை எடுத்து, அதில் மெழுகுவர்த்தி பொருத்தி ஏற்றி, அவள் முகத்துக்கு நேரே ஆட்டி, உறங்குபவர்கள் உறங்கட்டும் என்ற பொருளில் முணுமுணுக்கிறான். கூட்டாளிகளை அழைக்கக் கதவைத் திறந்தபோது அவள் பின்னாலிருந்து அவனை வெளியே தள்ளித் தாழிடுகிறாள். மாடிக்கு ஓடி முதலாளியை உலுக்கினால் அசைவே இல்லை. கீழே வந்து, ஆடையெடுத்த பால் இருந்த கிண்ணத்தைச் சுடரின் மேல் கொட்டுகிறாள். அது அணைந்ததும் வீடு விழித்துக்கொள்கிறது; முதலாளியின் மகன் துப்பாக்கியோடு வருகிறான்.

இதே அமைப்பு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1599-1600இல் வெளியான மார்ட்டின் டெல்ரியோவின் சூனிய ஆராய்ச்சி நூலில் இருக்கிறது. அங்கேயும் வேலைக்காரியே விழித்திருக்கிறாள். அங்கேயும் பாலே அணைக்கிறது. ஆக, ஸ்டேன்மோர் நிகழ்ச்சி எந்த அளவுக்கு நடந்தது, எந்த அளவுக்குக் கதை என்று கேட்க இடமிருக்கிறது.

கதைக்கு விழித்திருக்கும் ஒருவர் தேவை. மாந்திரீகம் முழுதாகப் பலித்தால் பார்த்துச் சொல்ல ஆள் இருக்காது. அந்த ஒருவர் ஏன் எப்போதும் பணிப்பெண்ணாக இருக்கிறார்? வீட்டில் கடைசியாகப் படுத்து முதலில் எழுபவள் அவள். வீட்டில் பொருள் தொலைந்தால் முதலில் சந்தேகத்துக்கு உள்ளாகிறவளும் அவளே. இங்கிலாந்தில் 1713ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடுவதை மரணதண்டனைக் குற்றமாக்கியது. அதன் முக்கியக் குறி வீட்டு வேலையாட்கள். இந்தப் பின்னணியில் ஸ்டேன்மோர் கதையைச் சொன்னவர் யார் என்பது முக்கியமாகிறது. 1861இல் அதைச் சொன்ன மூதாட்டி அந்தப் பணிப்பெண்ணின் மகள். முதலாளி பிணம்போல் கிடந்தபோது வீட்டைக் காத்தவள் என் தாய் என்பது குடும்பப் பெருமை.

அணைக்கும் பொருளிலும் முதலாளிக்கும் வேலைக்காரிக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. அச்சிட்ட நூல் சொல்லும் காப்பு, முன்கூட்டியே தேடிச் சேர்த்துக் கோடையில் தயாரிக்க வேண்டியது. வீட்டுத் தலைவனின் ஏற்பாடு. வாய்மொழிக் கதை சொல்லும் காப்பு, அந்த நேரத்தில் சமையலறையில் கைக்கெட்டும் பால். வேலைக்காரியின் அறிவும் அவள் புழங்கும் பொருளும் சேர்ந்தே கதையில் வெல்கின்றன.

திருடரே இதை நம்பிக் கையில் எடுத்த நிகழ்ச்சியும் பதிவாகியிருக்கிறது. 1831 ஜனவரி 3ஆம் நாள் இரவு, அயர்லாந்தின் மீத் மாவட்டத்திலுள்ள லஃப்க்ரூ பண்ணை வீட்டுக்குள் சிலர் பிணக் கையில் மெழுகுவர்த்தி ஏந்தி நுழைந்தனர். வீட்டார் விழித்துக் கூச்சலிட, கையைப் போட்டுவிட்டு ஓடினர். திருடரின் மாந்திரீகம் முழுக்கக் கற்பனை அல்ல என்பதற்கு இது சான்று. அது பலிக்கவில்லை என்பதற்கும் இதுவே சான்று. பிணக் கை என்று காட்டப்படுபவை எல்லாம் திருடருடையவையும் அல்ல. இங்கிலாந்தின் வால்சால் நகரில் ஒரு பழைய விடுதியில் கிடைத்து நெடுங்காலம் மகிமைக் கை எனப் பெயர்பெற்ற பொருள், மருத்துவப் படிப்புக்காகப் பதப்படுத்திய ஒரு குழந்தையின் கை.

சித்திரவதையும் பொற்கொல்லனும்

இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக நூல்கள் காட்டும் வாக்குமூலங்கள் எங்கே கிடைத்தவை? 'பெத்தி அல்பேர்' தன் செய்முறைக்கு அளிக்கும் சான்று, சித்திரவதையின்போது சிலர் ஒப்புக்கொண்டார்கள் என்பது. ஜெர்மன் பகுதியில் 1581இல் கொல்லப்பட்ட கொள்ளைக்காரன் பீட்டர் நீர்ஸ், 544 கொலைகளைச் செய்ததாகவும், மாந்திரீகத்துக்காகக் கருவுற்ற பெண்கள் 24 பேரின் வயிற்றைக் கிழித்ததாகவும் ஒப்புக்கொண்டானாம். பிறக்காத சிசுவின் விரல்களைத் திருடர் விளக்காக எரிப்பார்கள் என்று அக்கால ஜெர்மானியர் நம்பினர். வதைப்பவர்கள் தங்களுக்கு ஏற்கனவே தெரிந்த கதையைத்தான் கேட்டார்கள். வதைபட்டவனும் அதையே சொன்னான். துண்டுப் பிரசுரங்கள் அதை ஊர்தோறும் கொண்டுபோயின. கதையை நம்பிக் குற்றம் செய்தவர்களும் பின்னர் தோன்றினர்: 19ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் மனிதக் கொழுப்பில் 'திருடன் மெழுகுவர்த்தி' செய்வதற்காக நடந்த கொலைகள் நீதிமன்றத்துக்கு வந்தன.

திருடரின் மாந்திரீகம் என்ற பேச்சு எப்படி ஓர் உயிரை வாங்கும் என்பதைச் சிலப்பதிகாரத்தைவிடத் துல்லியமாகக் காட்டிய இலக்கியம் குறைவு. கொலைக்களக் காதையில் காவலர் கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் முகத்தில் களவின் குறி இல்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் சிரித்துவிட்டு, களவு நூல் சொல்லும் எட்டுத் துணைகளை விளக்குகிறான். மந்திரத்தால் திருடர் கண்ணில் படமாட்டார்கள். தெய்வத்தின் துணையால் கைப்பொருளைக் காட்டிவிட்டே தப்புவார்கள். மருந்தால் நம்மை இருந்த இடத்தில் மயங்கவைப்பார்கள். நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று பட்டியல் நீள்கிறது. அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே. திருட்டைப் பற்றி அங்கே அதிகம் தெரிந்தவனாகப் பேசுபவனும் அவனே.

இளங்கோ அதோடு நிறுத்தவில்லை. கூட்டத்திலிருந்த இளம் காவலன் ஒருவன் தன் அனுபவத்தைச் சேர்க்கிறான்: மழைக்கால நள்ளிரவில் கருநிற உடையில் வந்த கள்வனை எதிர்த்து நான் வாளை உருவினேன், அதை அவன் பற்றிக்கொண்டான், பிறகு அவனை எங்கும் காணவில்லை. கள்வனைத் தவறவிட்ட காவலனுக்குப் பொற்கொல்லனின் பட்டியல் ஆறுதல் தருகிறது. தோற்றது தான் அல்ல, எதிரே நின்றது மந்திரம் என்றாகிவிடுகிறது. அதைக் கேட்டு முடித்ததும் இன்னொருவன் வாளை வீசுகிறான். குற்றமற்ற முகத்தையே குற்றத்தின் அடையாளமாக மாற்றியது அந்தப் பேச்சு. மாந்திரீகம் தெரிந்தவன் அப்பாவிபோல் தோன்றுவான் என்று ஒப்புக்கொண்டபின் எந்தத் தோற்றமும் எவரையும் காப்பாற்றாது.

கையின் இடத்தில் குளோரோஃபாம்

தூக்கில் தொங்குபவரின் உடலைப் பாதையோரத்தில் காட்சிக்கு விடும் வழக்கத்தை இங்கிலாந்து 1834இல் சட்டப்படி நிறுத்தியது. பிணக் கை கதைப்புத்தகத்துக்குப் போயிற்று. எவரும் ஏன் எழவில்லை என்ற கேள்வி மட்டும் போகவில்லை. 1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோஃபாமின் மயக்கும் தன்மையைக் கண்டறிந்தார். மூன்று ஆண்டுக்குள், ஒருத்தி கைக்குட்டையை முகத்தருகே காட்டினாள், நினைவு தப்பியது, விழித்தபோது பணப்பையைக் காணோம் என்ற புகார்கள் லண்டனில் பெருகின. கேம்பெல் பிரபு, குற்றம் செய்யும் நோக்கில் குளோரோஃபாம் கொடுப்பதைக் கடுந்தண்டனைக்கு உரியதாக்கும் சட்டப்பிரிவை முன்வைத்தார்.

அதை எதிர்த்து 1851இல் கடிதம் எழுதி வெளியிட்டவர் ஜான் ஸ்னோ. மயக்க மருந்து கொடுப்பதில் அன்று அவரைவிடத் தேர்ந்தவர் இல்லை. மருத்துவமனையில் விரும்பிப் படுக்கும் நோயாளிக்கே மயக்கம் வரச் சில நிமிடங்கள் ஆகின்றன. இடையில் அவர் திமிறுகிறார். அதன் வாடையை மறைக்க முடியாது. தெருவில் நடப்பவரை நொடியில் வீழ்த்துவது எப்படி என்று ஸ்னோ கேட்டார். உண்மையாகவே ஒருவன் முயன்ற நிகழ்ச்சியும் இருந்தது: கெண்டல் நகர விடுதியில், கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தவன் தூங்கிக்கொண்டிருந்த முதிய பாதிரியாருக்குக் குளோரோஃபாம் கொடுக்கப் பார்த்தான், அவர் விழித்துப் போராடி ஊரைக் கூட்டிவிட்டார். லஃப்க்ரூவில் பிணக் கைக்கு நேர்ந்ததே இங்கே மருந்துக்கும் நேர்ந்தது. குடித்துவிட்டோ, வெளியே சொல்லமுடியாத இடத்திலோ பணத்தை இழந்தவர்களுக்குக் குளோரோஃபாம் மதிப்பான காரணமாக அமைந்தது என்பதும் அன்றைய விவாதத்தில் பேசப்பட்டது.

ஸ்னோ கேட்டவை எளிய கேள்விகள்: எவ்வளவு மருந்து, எத்தனை நிமிடம், எப்படிக் கொடுத்தான், சொல்பவர் யார். பொற்கொல்லனிடம் எவரும் இவற்றைக் கேட்கவில்லை. பீட்டர் நீர்ஸை வதைத்தவர்களும் கேட்கவில்லை. நாடாளுமன்றத்துக்கு ஸ்னோவின் விடைகள் கிடைத்தும் பயனில்லை. 1851ஆம் ஆண்டிலேயே அந்தச் சட்டப்பிரிவு நிறைவேறியது.